டாக்டரம்மாவுக்கு விழாத இரண்டாவது கியர்

ஸ்ரீரங்கத்து டாக்டரம்மாவுக்குக் கார் ஓட்ட வராமல் போனதற்கு நான்தான் காரணம். வேண்டுமென்றே செய்தேன். ஒரே ஒரு நட்டை ஒன்றரைச் சுற்றுத் திருப்பினேன், அவ்வளவுதான்.

இதைப் பத்து வருஷமாக எவரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, நான் யாரோ... அதனால்தான் சொல்ல வாய் வருகிறது.

அதற்குள் முகத்தைச் சுளிக்காதீர்கள்! என்னைக் கெட்டவன் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வேலை தெரியாதவன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மோட்டார்களில் என் கை படாதவை எத்தனை என்று விசாரித்துப் பாருங்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம்.

என் பெயர் சவரிமுத்து. பாலக்கரைக்காரன். ரயில் பட்டறையில் ஒன்பது வருஷம் கடைசல் பிடித்தவன். அங்கிருந்து ஏன் வந்தேன் தெரியுமா? நான் கடைந்து வைத்திருந்த ஒரு பித்தளைப் புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்த மேஸ்திரி, "பரவாயில்லையே" என்றார். பரவாயில்லையாம்! மயிரிழை பிசகாத வேலை அது. மறுநாள் நான் போகவில்லை. என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

அப்படிப்பட்டவன் கையில்தான் அந்தக் கார் வந்து சேர்ந்தது.

கார் டாக்டரம்மாவுடையது. அலமேலம்மாள் என்று பெயர்; ஊருக்கெல்லாம் டாக்டரம்மா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, அக்கம்பக்கம் பேசியதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் மதராஸுக்குப் போய்ப் படித்துவிட்டு, பிறந்த சித்திரை வீதியிலேயே வந்து பிரசவம் பார்க்கத் தொடங்கியவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் அவர் பேசியதற்கு மறுபேச்சு இருக்காது.

புதுச்சேரியிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சு துரையிடம் அவர் அந்த வண்டியை வாங்கினார். ஊரில் இருந்த மற்ற மோட்டார்களையெல்லாம் பின் சக்கரம் தள்ளும்; இதை முன் சக்கரம் இழுக்கும். "தேர் மாதிரி. வடம் முன்னாடி இருக்கு" என்று வீதியில் ஒருவருக்கொருவர் விளக்கம் சொல்லிக்கொண்டார்கள். தப்பில்லாத விளக்கம்தான்.

முன் சக்கரம் இழுப்பதால் கியர் பெட்டியும் வண்டியின் மூக்கிலேயே, எஞ்சினுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தது. ஓட்டுகிறவரோ எஞ்சினுக்குப் பின்னால். அதனால் கியர்க் கம்பு தரையிலிருந்து முளைக்காமல், ஓட்டுகிறவருக்கு எதிரே இருந்த பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து இரண்டு நீண்ட இரும்புக் கம்பிகள் எஞ்சினைத் தாண்டிப் போய்க் கியர் பெட்டியைப் பிடிக்கும்.

"அகப்பைக் காம்பு மாதிரியில்ல இருக்கு!" என்று எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"மத்த வண்டியிலெல்லாம் கீழேருந்து கம்பு முளைச்சு நிக்கறது, சவரி. ஒன்பது கஜத்தைக் கட்டிண்டு அதுல எங்கே காலை வெக்கறது? இதுல கீழே ஒண்ணுமே இல்லை பாரு. என் மருந்துப் பெட்டியை வெச்சுக்கலாம். நானே ஓட்டிண்டு போகலாம்."

நானே! அந்தச் சொல்லை அவர் சொன்ன விதம் இருக்கிறதே... பிரசவத்துக்கு அழைப்பு வந்தால், ஜட்காக்காரனைத் தேடி, துணைக்கு ஓர் ஆளைத் தேடி, இரண்டு பேரும் வரும்வரை வாசலில் நிற்க வேண்டும். அது இனி வேண்டாம். தானே ஏறி, தானே போய், தானே திரும்ப வேண்டும். அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

"முதல்ல நீ இதைச் சரி பண்ணு. அப்பறம் எனக்குக் கத்துக்கொடு. நான் கத்துண்டப்பறமும் வண்டியைப் பாத்துக்கற வேலை உனக்குத்தான்" என்றார். ஆகவே, பிழைப்புப் போய்விடும் என்ற பயத்தில் செய்திருப்பான் என்று எனக்காக நீங்கள் வாதாட வேண்டாம். அந்தச் சாக்கு எனக்குக் கிடையாது.

வந்தபோது அந்தக் கியர் எப்படி இருந்தது? களி கிண்டுவது போல இருந்தது. கம்பிகளின் மூட்டுகள் எல்லாம் தேய்ந்துபோய், இங்கே கம்பை ஒரு சாண் தள்ளினால் அங்கே பெட்டிக்கு அதில் பாதிதான் போய்ச் சேரும். எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது வண்டி நகர்ந்த பிறகே தெரியும். புதுச்சேரியிலிருந்து ஓட்டி வந்த ஆள் சாவியைக் கொடுத்துவிட்டு, வண்டிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

நான்கு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். நான்கு மாதம்! மூட்டுகள் ஒவ்வொன்றையும் கழற்றி எறிந்தேன். எஃகில் குண்டு கடைந்தேன். அது உட்காரப் பித்தளையில் கிண்ணம் கடைந்தேன். இரண்டுக்கும் நடுவே விளக்கெண்ணெயில் ஊறிய தோலை வைத்தேன். எஞ்சினின் உதறல் ஓட்டுகிறவர் கைக்கு வரக்கூடாது. ஆனால் உள்ளே பற்கள் கூடுகிற அந்தக் கணம் மட்டும் கைக்குத் தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றாக எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்களா? அதைத்தான் நானும் நான்கு மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன்! தோல் தடித்தால் கம்பு செத்துப்போகிறது. மெலிந்தால் நம் பல்லெல்லாம் ஆடுகிறது. பதினேழு தடவை தோலை மாற்றினேன்.

பதினெட்டாவது தடவை வந்தது... இரண்டு விரல் போதும். கம்பு தானே வழி கண்டுகொண்டு போய், கடைசியில் விரல் நுனியில் ஒரு சின்ன 'டக்'. காதுக்குக் கேட்காது, விரலுக்கு மட்டும் தெரியும். அம்மா மண்டபம் சாலையில் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது கியர் விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வண்டியைச் செய்த துரைமார்களே கப்பலேறி வந்து என்னிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும்! இப்படிச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. இன்றைக்கும் இல்லை.

மறுநாள் காலை டாக்டரம்மாவுக்கு முதல் பாடம். கொள்ளிடக் கரையை ஒட்டிய சாலை. மாட்டு வண்டிகள் வருவதற்கு முன்பே போய்விட்டோம். கிளச்சை எப்படி மிதிப்பது, எப்படி விடுவது என்று விலாவாரியாகச் சொன்னேன். "ரெண்டாவது கியரு இன்னிக்கே வராதுங்கம்மா. ஒரு மாசம் ஆகும். மனசை விட்டுடாதீங்க" என்று பெரிய மனிதனைப் போல ஆறுதலும் சொல்லி வைத்தேன்.

அவர் தலையசைத்தார். வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் கம்பின் மேல் கையை வைத்தார்... பிடிக்கவில்லை, சும்மா வைத்தார்.

விழுந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது விழுந்ததே தெரியவில்லை! எஞ்சினின் குரல் தாழ்ந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் போட்டால்கூட நடுவில் ஓர் இம்மித் தயக்கம் இருக்கும். அவர் கையில் அதுவும் இல்லை. வயிற்றுக்குள் குழந்தை எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடக்கிறது என்று தடவிப் பார்த்தே சொல்கிற கை அல்லவா!

நான் எதற்குக் காத்திருந்தேன்? "என்னமாப் பண்ணியிருக்கே, சவரி!" என்ற ஒரு வார்த்தைக்கு.

"இவ்வளவுதானா?" என்றார் அவர். "இதுக்கா இத்தனை நாள் பயந்துண்டிருந்தேன்? இதுல ஒண்ணுமே இல்லையே!"

ஒண்ணுமே இல்லை!

இன்று யோசித்தால் தெரிகிறது. அதைவிடப் பெரிய பாராட்டு ஒரு தொழிலாளிக்குக் கிடைக்காது. 'ஒண்ணுமே இல்லை' என்று அவருக்குத் தோன்றும்படி செய்ததுதானே என் நான்கு மாத உழைப்பு! அன்று அது எனக்கு உறைக்கவில்லை. என் பதினெட்டுத் தோலையும் அவர் ஒரே வார்த்தையில் காவிரியில் போட்டுவிட்டதாகத்தான் பட்டது. உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று மதியம் அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கொட்டகையில் வண்டியின் மூடியைத் திறந்தேன். இரண்டாவது கம்பியின் முனையில், நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நட்டு உண்டு, நானே வைத்தது. அதை ஒன்றரைச் சுற்றுத் திருப்பினேன்.

அதனால் என்ன ஆகும்? மற்ற கியர்கள் வழக்கம்போல விழும். இரண்டாவது மட்டும் முழுக்கப் போய்ச் சேராது. பற்கள் பாதியில் நின்று உரசும். கம்பைச் சற்று மேலே தூக்கி, அரை மூச்சு நிறுத்தி, பிறகு தள்ளினால் விழும். அந்த வித்தை தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

ஒரே ஒரு நாள் அவர் திணறட்டும், இது எத்தனை நுணுக்கமான வேலை என்று அவருக்கும் தெரியட்டும், மறுநாள் பழையபடி வைத்துவிடலாம்... சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நம்புகிறீர்களா? நானே இப்போது நம்புவதில்லை.

மறுநாள் வண்டி பல்லைக் கடித்தது. கர்ர்ர்ர் என்று... ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"என்ன தப்புப் பண்ணினேன், சவரி?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா. பழகணும். நாளாகும்" என்றேன். பிறகு என் கையை நீட்டினேன். தூக்கி, நிறுத்தி, தள்ளினேன். சத்தமே இல்லாமல் விழுந்தது.

அவர் என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை! நான்கு மாதமாக நான் காத்திருந்த பார்வை அது. "உனக்கு மட்டும் எப்படி இப்படி வரது?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு, நட்டைத் திருப்பி வைக்க என் கை போகவே இல்லை.

இரண்டு மாதம் முயன்றார். விடாப்பிடியாக முயன்றார். அவர் வண்டி எடுத்தால் நாலு வீதிக்கும் தெரியும். "டாக்டரம்மா வண்டிக்குப் பல்வலி" என்று கடைத்தெருவில் கேலி பேசினார்கள். அவருடைய மன்னி திரையை விலக்கிக்கொண்டு வந்து, "பொம்மனாட்டிக்கு எதுக்குடியம்மா இந்த வம்பெல்லாம்?" என்றார். டாக்டரம்மாவோ மறுநாள் காலையிலும் சரியான நேரத்துக்கு வந்து வண்டியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவாங்கம்மா... மெதுவா..." என்று பாடம் நடத்தினேன்! நினைத்துப் பாருங்கள், எவ்வளவு நெஞ்சழுத்தம் எனக்கு!

ஒரு நாள் பாடம் முடிந்தும் அவர் இறங்கவில்லை. வலது கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாக் காரியமும் எல்லாருக்கும் வராது போலிருக்கு. இனிமே நீயே ஓட்டு, சவரி."

அதற்குப் பிறகு அவர் ஓட்டுகிற இடத்தில் உட்காரவே இல்லை. நான் என்ன செய்தேன்? ஓட்டினேன். பெருமையாக ஓட்டினேன்!

ஏகாதசிக் கூட்டத்தில், உத்தர வீதி முனையில் ஆளும் மாடும் நெருக்கியடிக்கிற இடத்தில், வண்டியை ஒடித்துத் திருப்பி, தூக்கி, நிறுத்தி, தள்ளுவேன். வேடிக்கை பார்க்க ஆட்கள் நிற்பார்கள். "அந்த வண்டி சவரிமுத்து கைக்குத்தான் படியும்" என்ற பேச்சு ஆற்றைத் தாண்டியது. உறையூரிலிருந்து வந்தார்கள், மன்னார்புரத்திலிருந்து வந்தார்கள், "எங்க வண்டியையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க" என்று. அந்தப் பேரை வைத்தே பாலக்கரையில் சொந்தப் பட்டறை போட்டேன். டாக்டரம்மாதான் வந்து விளக்கேற்றி வைத்தார். "ரெண்டு மாசம் முட்டிண்டும் எனக்கு வராததை, இவன் ரெண்டு விரலால பண்றான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் முழுதாகாது.

என் மைத்துனனின் கல்யாணத்தன்று மண்ணச்சநல்லூரிலிருந்து டாக்டரம்மாவுக்கு அவசர அழைப்பு வந்தது. தலைப்பிரசவம், இரண்டு நாளாக வலி. நான் பாலக்கரையில் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். கார் கொட்டகையில் நின்றது. அவர் கொட்டகைக்குப் போய், கதவைத் திறந்து, வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு கதவைச் சாத்திவிட்டு ஜட்காவுக்கு ஆள் அனுப்பினாராம். கொள்ளிடப் பாலத்தின் மேல் குதிரை சண்டித்தனம் செய்ததாம். அவர் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. ஊர் மருத்துவச்சி எப்படியோ சமாளித்திருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாள் அவரே இதை என்னிடம் சொன்னார். "ஏதாவது ஆகியிருந்தா என்னை நானே மன்னிச்சிருக்க மாட்டேன், சவரி. வண்டியை வெச்சுண்டு தொடறதுக்குத் தைரியம் இல்லாமப் போச்சே எனக்கு" என்றார்.

என்னை நானே... பார்த்தீர்களா? அவரைத்தான் அவர் குறை சொல்லிக்கொண்டார்! யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால், அந்த அதிர்ச்சியில் நானும் உண்மையைக் கக்கியிருப்பேனோ என்னவோ. ஒன்றும் ஆகவில்லை. நான் தப்பித்தேன். அவர்கள் பிழைத்ததற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நாங்கள் மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்கள். வருஷந்தோறும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் சாமியாரிடம் மண்டியிட்டு என் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், பூசைக்கு வரவில்லை... எல்லாம் சொல்லுவேன். இதை மட்டும் சொன்னதில்லை. மறந்தா? இல்லை. பாவம் மன்னிக்கப்பட வேண்டுமானால் மெய்யான மனஸ்தாபம், அதாவது செய்ததை எண்ணி நெஞ்சு நோகிற வருத்தம், வேண்டும் என்று சின்னப் பிள்ளையிலேயே படித்திருக்கிறேன். எனக்கு இருந்ததோ பெருமை! ஊரே வாயைப் பிளந்து பார்க்கும் ஒன்றுக்காக நான் எப்படி மனஸ்தாபப்படுவேன்?

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோல் ரேஷன் சீட்டுக்குத்தான் கிடைத்தது. சில வாரம் சீட்டுக்கும் கிடைக்கவில்லை. வண்டியைப் பூட்டி வைத்துத் துருப்பிடிக்க விடுவானேன் என்று டாக்டரம்மா அதை மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆலைக்காரரின் டிரைவர் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

நான் முன்கூட்டியே போனேன். மூடியைத் திறந்தேன். அந்த நட்டை எதிர்ப்பக்கம் ஒன்றரைச் சுற்றுத் திருப்பி, பழையபடி வைத்தேன்.

மனம் திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! என் வேலை ஆற்றைத் தாண்டிப் போகிறது. அங்கே எவனோ கியரைப் போட்டு, அது பல்லைக் கடித்து, "இதையா சவரிமுத்து செஞ்சான்?" என்று கேட்டால்? அதை என்னால் தாங்க முடியாது. அதற்காகச் செய்தேன். அதற்காக மட்டும்!

வந்த டிரைவர் லாரி ஓட்டிப் பழகியவர். ஒவ்வொரு கையும் உலக்கை. அந்த மாதிரிக் கம்பை அவர் அதுவரை கண்டதில்லை. இப்படி, அப்படி என்று நான் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார். டாக்டரம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி பத்து வீடு தாண்டியது. இரண்டாவது கியர் போட வேண்டிய இடம்...

எஞ்சினின் குரல் தாழ்ந்தது. வேறு சத்தமே இல்லை. "என்னாங்க இது, வெண்ணெயாட்டம் விழுது!" என்று அந்த மனிதர் ஜன்னல் வழியே கத்திவிட்டுப் போனார்.

என் நெஞ்சு பெருமையில் விம்மியது. ஆமாம், அந்த நேரத்திலும்! அதன் பிறகுதான் பக்கத்தில் நிற்பவரின் நினைவே எனக்கு வந்தது.

டாக்டரம்மா வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. சந்தேகமும் இல்லை. எதையோ கணக்குப் போட்டுப் பார்ப்பவரைப் போல மெதுவாகக் கேட்டார்:

"ஏன் சவரி... அந்த முதல் நாள், கொள்ளிடக் கரையில, எனக்கும் ஒரு தடவை இப்படித்தானே விழுந்தது? சத்தமே இல்லாம?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு "ஆமாங்கம்மா" போதும். நட்டைப் பற்றிக்கூட அவர் கேட்கவில்லை. அந்த ஒரு நாள் நிஜம்தானா என்று மட்டுமே கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்கம்மா" என்றேன்.

"அப்படியா..." என்றார். "அப்போ நானா நினைச்சுண்டிருக்கேன் போலிருக்கு. இத்தனை வருஷமா!" என்று லேசாகச் சிரித்தார். உள்ளே நிறைமாதக்காரி ஒருத்தி காத்திருந்தாள். அவளைப் பார்க்கப் போய்விட்டார்.

நட்டைத் திருப்பியதை ஆத்திரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது? ஆத்திரம் ஏது அப்போது? வண்டியே போய்விட்டதே! அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு காலை நேரம்தான். அதையும் பிடுங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா இன்னும் சித்திரை வீதியில்தான் இருக்கிறார். ஜட்காவில்தான் போய் வருகிறார். வேலை விஷயமாக வாரத்துக்கு இரண்டு முறை நான் பாலத்தைத் தாண்டிப் போகிறேன். அவர் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். "எப்படி இருக்கே, சவரி?" என்பார். "நல்லா இருக்கேங்கம்மா" என்பேன்.

இந்த ஜில்லாவில் கியருக்கு நல்ல கை யாருடையது என்று மோட்டார் ஓட்டுகிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என் பெயரைச் சொல்வார்கள். அது பொய். அதைவிட நல்ல கையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்...

நேற்றும் பட்டறைக்கு வந்த ஒருவர் என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னார். நான் மறுக்கவில்லை.